முன்குளிருக்கு எதைச் சூடாக்குவது: ஆளையா, அறையையா, வீட்டையா?

குளிர் நாள் பார்த்து வருவதில்லை. வீட்டைச் சூடாக்குவதற்குத்தான் பல ஊர்களில் நாள் குறித்து வைத்திருக்கிறார்கள். பெய்ஜிங்கில் பொதுச் சூடாக்கம் வழக்கமாக நவம்பர் 15-இல் தொடங்கி மார்ச் 15-இல் முடியும். இத்தாலி நாட்டையே ஆறு தட்பவெப்ப மண்டலங்களாகப் பிரித்திருக்கிறது. மிலான் இருக்கும் மண்டலத்தில் அக்டோபர் 15-இலிருந்தும் பலேர்மோவில் டிசம்பர் 1-இலிருந்தும்தான் பொதுவாக ஹீட்டிங் ஓடலாம். ரஷ்யாவில் தேதிக்குப் பதிலாகக் கணக்கு வைத்திருக்கிறார்கள்: நாளின் சராசரி வெப்பநிலை தொடர்ந்து ஐந்து நாள் 8 டிகிரிக்குக் கீழே இருந்தால் வீட்டைச் சூடாக்கும் குழாய்களில் வெந்நீர் வரும். நியூயார்க்கில் அக்டோபர் 1 முதல் மே 31 வரை, பகலில் வெளியே சுமார் 13 டிகிரிக்குக் கீழே போனால், வாடகைக்கு விட்டவர் வீட்டுக்குள் 20 டிகிரியாவது தரவேண்டும்.

முதல் குளிருக்கும் இந்தத் தேதிகளுக்கும் நடுவே சில வாரங்கள் விழுந்துவிடும். இந்த வாரங்களின் குளிர்தான் முன்குளிர். வீட்டைச் சூடாக்கச் சொந்த பாய்லர் வைத்திருப்பவருக்கும் இதே வாரங்கள்தான் தலைவலி. போட்டால் மத்தியானம் ஜன்னலைத் திறக்க வேண்டியிருக்கும், போடாவிட்டால் காலையில் போர்வையை விட்டு வெளியே வர மனம் வராது.

நடுக்குளிர் நாள்கணக்கில் நிற்பது. முன்குளிர் மணிக்கணக்கில் வந்து போவது. விடியற்காலை 7 டிகிரி, மத்தியானம் 19, மாலை ஆறு மணிக்கு மறுபடி 12. இந்த ஒரு வித்தியாசத்தை வைத்தே பாதி முடிவை எடுத்துவிடலாம். சட்டென்று சூடாகி, அணைத்ததும் சட்டென்று ஆறும் சாதனம் முன்குளிருக்கு ஏற்றது. மெதுவாகச் சூடேறி வெகுநேரம் அதைப் பிடித்து வைத்திருப்பது நடுக்குளிருக்கு. இரண்டையும் மாற்றிப் பயன்படுத்துவதால்தான் கரண்ட் பில்லும் எரிச்சலும் சேர்ந்து ஏறுகின்றன.

ஒரு சின்னக் கணக்கு

3 மீட்டருக்கு 4 மீட்டர் அறை, உயரம் 2.7 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். உள்ளே இருக்கும் காற்று சுமார் 32 கன மீட்டர், எடை 39 கிலோ. அதை 10 டிகிரி ஏற்ற 0.11 யூனிட் மின்சாரம் போதும். 2000 வாட் ஹீட்டருக்கு அது மூன்றரை நிமிட வேலை. ஆனால் எந்த அறையும் மூன்றரை நிமிடத்தில் சூடாவதில்லை. காரணம் காலுக்குக் கீழேயே இருக்கிறது. 10 சென்டிமீட்டர் கனமுள்ள கான்கிரீட் தரையின் எடை மட்டும் கிட்டத்தட்ட 2,900 கிலோ. அதையும் அதே 10 டிகிரி ஏற்ற 7 யூனிட் வேண்டும், காற்றுக்கு ஆனதைப் போல அறுபது மடங்குக்கு மேல். சுவரும் கூரையும் தனி.

காற்று அசையாத அறையில் நாம் உணரும் கதகதப்பில் ஏறக்குறைய பாதி, சுற்றியிருக்கும் சுவர், தரை, கண்ணாடி ஆகியவற்றின் சூட்டைப் பொறுத்தது. நடுக்குளிரில் சுவரே சில்லிட்டுப் போயிருப்பதால் காற்றை 22 டிகிரிக்கு ஏற்றினாலும் முதுகு சிலிர்க்கும். முன்குளிரில் நிலைமை வேறு. கோடையின் சூடு கட்டடத்தில் இன்னும் மிச்சமிருக்கும். வெளியே 8 டிகிரி என்றாலும் சுவர் 16, 17-இல் நிற்கும். இந்த மிச்சத்தைக் காப்பாற்றுவதுதான் செலவே இல்லாத முதல் வழி. வெயில் விழும் பக்கத்துத் திரைகளைக் காலையிலேயே விலக்கிவிடுங்கள். வெயில் சாய்வதற்கு ஒரு மணி நேரம் முன்பே ஜன்னல்களை அடைத்துத் திரையை இழுத்துவிடுங்கள். இருட்டிய பிறகு அடைப்பவர்கள் அன்றைக்குச் சேர்ந்த சூட்டில் ஒரு பகுதியை ஏற்கெனவே வெளியே விட்டிருப்பார்கள்.

ஆளைச் சூடாக்கும் வழிகள்

முதலில் உடுப்பு. கனமான ஸ்வெட்டர் ஒன்று அறை வெப்பநிலையில் ஏறக்குறைய 2 டிகிரிக்குச் சமம். மேலுக்கு இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வெறுங்காலுடன் தரையில் நடப்பதுதான் பலரும் செய்யும் தவறு. குளிரில் உடல் முதலில் இரத்த ஓட்டத்தைக் குறைப்பது கை கால் விரல்களில், அதனால் கம்பளிக் காலுறையும் கனத்த அடிப்பாகமுள்ள செருப்பும் முதலில். படுக்கையிலும் இதே கதை. மேலே இரண்டு போர்வை போர்த்தினாலும் கீழே மெத்தை மெல்லியதாக இருந்தால் சூடு அடிவழியே போய்விடும். ஒரு கம்பளியை எடுத்து விரிப்புக்கு அடியில் போட்டுப் பாருங்கள், மேலே மூன்றாவது போர்வை தேவைப்படாது.

அடுத்து, சுடுதண்ணீர்ப் பை. 70 டிகிரியிலிருந்து 35-க்கு இறங்கும்போது 2 லிட்டர் தண்ணீர் தரும் சூடு சுமார் 0.08 யூனிட். அறைக் காற்று முழுவதையும் 7 டிகிரி ஏற்றும் அளவு அது, அப்படியே போர்வைக்குள் இறங்குகிறது. தண்ணீர் கொதித்ததும் ஊற்றாமல் சில நிமிடம் ஆற விட வேண்டும். மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பக் கூடாது. பையைப் படுக்கவைத்தாற்போல் சாய்த்து, தண்ணீர் வாய்வரை எட்டிப்பார்க்கும்படி அமுக்கி, காற்றை வெளியேற்றிவிட்டு மூடியைத் திருக வேண்டும். உள்ளே காற்று இருந்தால் பை உப்பும், மூடிப்பக்கம் கசியும். துணி உறை போட்டு, படுப்பதற்கு அரை மணி முன்னால் கால்மாட்டில் வைத்தால் போதும்.

இந்தப் பைகள் வெடிப்பதற்குப் பெரும்பாலும் காரணம் ரப்பரின் வயது. நல்ல பைகளின் கழுத்துப் பக்கத்தில் பூப்போல ஒரு முத்திரை இருக்கும். நடுவில் உள்ள எண் தயாரித்த ஆண்டு, சுற்றியுள்ள 12 இதழ்கள் மாதங்கள். இரண்டு மூன்று வருடம் தாண்டியிருந்தால், பார்க்கப் புதிதாக இருந்தாலும் தூக்கிப் போட்டுவிடுங்கள். மடித்த இடத்தில் வெடிப்புக் கோடு தெரிந்தால் வயதே பார்க்க வேண்டாம்.

மின்கம்பளி ஒற்றைக் கட்டிலுக்கு 60 முதல் 100 வாட் வரை எடுக்கும். இரவு முழுக்க எட்டு மணி நேரம் ஓடினாலும் ஒரு யூனிட்டைத் தொடாது. ஆனாலும் படுக்கையைச் சூடாக்கிவிட்டுப் படுக்கும்போது அணைப்பதே சரி. உள்ளே ஓடும் கம்பி, மடிப்பு விழுந்த இடத்தில்தான் அறுந்து பொசுங்கும். கோடையில் நான்காக மடித்து, மேலே பெட்டியை வைத்துப் பரணில் போட்டிருந்தால், முதல் குளிரில் அப்படியே விரித்து மேலே படுக்காதீர்கள். பகலில் விரித்து அரை மணி ஓடவிட்டு, கையால் தடவிப் பாருங்கள். ஒரு இடம் மட்டும் சுட்டாலோ ஒரு பட்டை மட்டும் குளிர்ந்து கிடந்தாலோ அதன் கதை முடிந்தது. சுடுதண்ணீர்ப் பையையும் மின்கம்பளியையும் ஒரே படுக்கையில் சேர்க்கவே கூடாது.

தொட்டால் இதமாக இருக்கும் சூடும் தோலைப் புண்ணாக்கும். 44 டிகிரிப் பொருள் மூன்று நான்கு மணி நேரம் ஒரே இடத்தில் ஒட்டியிருந்தால் போதும். இரும்புத்தூள், உப்பு, கரித்தூள் கலந்து, பிரித்ததும் காற்றுப்பட்டுச் சூடாகும் ஜப்பானியக் கைரோ பொட்டலங்களைத் தோலில் ஒட்டாதே, வைத்துக்கொண்டு தூங்காதே என்று எச்சரிப்பதும் இதனால்தான். நீரிழிவில் கால் மரத்தவர்கள், கைக்குழந்தைகள், சொல்லத் தெரியாத முதியவர்கள் ஆகியோரின் படுக்கையைச் சூடாக்கிவிட்டுச் சூடாக்கிய பொருளை எடுத்துவிட வேண்டும்.

ஒரு மூலையைச் சூடாக்குவது

ஜப்பானின் கொதத்சு, ஈரானின் கோர்சி, ஆப்கானிஸ்தானின் சந்தலி, ஸ்பெயினில் பிரசேரோ என்கிற தணல்தட்டு வைத்த மேசை. பெயர் நான்கு, யோசனை ஒன்று. மேசைக்கு அடியில் சூடு, மேலே தரைவரை தொங்கும் கனத்த துணி, அதற்குள் எல்லோருடைய காலும். முன்குளிருக்கு இதைவிடக் கச்சிதமான அமைப்பைக் காண்பது அரிது. இன்றைய கொதத்சுவின் ஹீட்டர் பெரும்பாலும் 300 முதல் 600 வாட். துணி சூட்டைப் பிடித்து வைப்பதால் தெர்மோஸ்டாட் அடிக்கடி அணைத்துவிடும். நான்கு பேர் ஒரு மேசையைச் சுற்றி இரண்டு மணி நேரம் உட்காரும் வீட்டில் வேறு எதுவும் இதற்கு ஈடாகாது.

குறைகளும் உண்டு. கால் வேகும், முதுகு விறைக்கும். அதனால்தான் ஜப்பானில் பஞ்சு வைத்த மேலங்கியைத் தோளில் போட்டுக்கொள்கிறார்கள். எழுந்து நடமாட வேண்டியவருக்கு இது பயனில்லை. உள்ளேயே தூங்கிப்போனால் உடல் நீர்வற்றிப் போகும், கால் சுட்டாலும் தெரியாது. ஈரத்துணியை உள்ளே காயப்போடும் வழக்கமும் வேண்டாம். ஹீட்டர் கூட்டின்மேல் துணி சரிந்தால் தீப்பிடிக்கும்.

நடமாடுபவருக்குக் காஷ்மீர் கண்டுபிடித்தது காங்கிரி. பிரம்புக் கூடைக்குள் மண்சட்டி, சட்டிக்குள் கரித்தணல், அதன்மேல் பெரன் என்கிற தொளதொள மேலங்கி. சூட்டைக் கூடவே தூக்கிக்கொண்டு போகலாம். ஆனால் வருடக்கணக்கில் தொடையிலும் வயிற்றிலும் அதே சூடு பட்டுப் பட்டுத் தோலில் வலைபோலக் கருந்தழும்பு விழும். சிலருக்கு அது புற்றுநோயாகவே மாறுவதால், மருத்துவத்தில் காங்கிரிப் புற்று என்றே பெயர் உண்டு.

தணல் எந்தப் பாத்திரத்தில் இருந்தாலும் ஆபத்து ஒன்றுதான். புகை நின்று, செக்கச்செவேலென்று கனியும் கரியைப் பார்த்து ‘இனி பயமில்லை’ என்று கதவைச் சாத்துகிறோம். கார்பன் மோனாக்சைடு அப்போதுதான் நிறைய வந்துகொண்டிருக்கும். அதற்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. சந்துபொந்து நிறைந்த பழைய வீட்டில் தப்பித்த பழக்கம், ரப்பர் பட்டை வைத்து அடைத்த அலுமினிய ஜன்னல் வீட்டில் ஆளைக் கொல்லும். படுக்கையறைக்குள் தணல் வைப்பது இந்த ஒப்பீட்டில் ஒரு தேர்வே இல்லை.

அறையைச் சூடாக்குவது

சுருள் கம்பியால் சூடாகும் ஹீட்டர்கள் எல்லாம், ஃபேன் ஹீட்டர், ஆயில் ஹீட்டர், குவார்ட்ஸ் ராடு எதுவானாலும், 1 யூனிட் மின்சாரத்துக்கு 1 யூனிட் சூடுதான் தரும். பெட்டியின்மேல் என்ன எழுதியிருந்தாலும் சரி. வித்தியாசம் சூடு வரும் விதத்தில் இருக்கிறது. ஃபேன் ஹீட்டர் ஐந்து நிமிடத்தில் காற்றைச் சூடாக்கும், அணைத்ததும் ஓய்ந்துவிடும். காலையில் உடை மாற்றும் கால் மணி நேரத்துக்குச் சரி. ஆயில் ஹீட்டர் தான் சூடேறவே இருபது முப்பது நிமிடம் எடுக்கும், ஆனால் சத்தமில்லை, கண்கூசும் வெளிச்சமில்லை. இரவில் குழந்தை தூங்கும் அறைக்கு அதுதான். குவார்ட்ஸ் ராடு காற்றை விட்டுவிட்டு எதிரே இருப்பவரை நேராகச் சுடும். காற்று புகும் இடத்திலும் வேலை செய்யும். திரை, மெத்தை எல்லாம் குறைந்தது ஒரு மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். 2000 வாட் என்றால் 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 9 ஆம்பியர். மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயர் அதைத் தாங்காது. சுவர் சாக்கெட்டில் நேராகச் செருகி, அரை மணி கழித்து பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் உள்ளே தொடர்பு தளர்ந்திருக்கிறது.

முன்குளிருக்கு உண்மையான வெற்றியாளர் சூடும் தரும் ஏசிதான். அது சூட்டை உண்டாக்குவதில்லை, வெளிக்காற்றில் இருப்பதை உள்ளே தள்ளுகிறது. வெளியே 7 முதல் 15 டிகிரி இருக்கும்போது 1 யூனிட்டுக்கு 3, 4 யூனிட் சூடு தரும், அதாவது முன்குளிரில்தான் அதன் திறன் உச்சத்தில் இருக்கும். வெளியே 5 டிகிரிக்குக் கீழே ஈரக்காற்று அடித்தால் வெளிப்பெட்டியின் தகட்டில் பனி படியும். அதை உருக்க அவ்வப்போது சில நிமிடம் உள்ளே சூடு நிற்கும். பழுது என்று மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டியதில்லை. ஓட்டும்போது காற்று வரும் இதழைக் கீழ்நோக்கித் திருப்புங்கள், சூடான காற்று தானே மேலே ஏறிக்கொள்ளும். வடிகட்டியைக் கழுவாமல் ஓட்டினால் கோடைத் தூசியெல்லாம் முதல் நாளே மூக்குக்கு வரும். குளிர்விக்க மட்டும் செய்யும் மாடல்களும் சந்தையில் நிறைய. ரிமோட்டில் சூரியன் குறி இருந்தால் மட்டும் நம்பாமல், மாடல் விவரத்தில் சூடாக்கும் திறன் எத்தனை வாட் என்று பார்த்துவிடுவது நல்லது.

புகைபோக்கி இல்லாத மண்ணெண்ணெய், காஸ் ஹீட்டர்கள் மின்சாரம் போகும் ஊர்களுக்குக் கைகொடுப்பவை. ஜப்பானில் மண்ணெண்ணெய் ஹீட்டர் வைத்திருப்பவர்களுக்கு மணிக்கு ஒருமுறையாவது ஜன்னலைத் திற என்பது பாலபாடம். காரணம் விஷவாயு மட்டுமல்ல, தண்ணீரும்தான். 1 லிட்டர் மண்ணெண்ணெய் எரிந்தால் ஏறக்குறைய 1.1 லிட்டர் நீர் ஆவியாக அறைக்குள் சேரும். 1 கிலோ சமையல் எரிவாயு எரிந்தால் 1.6 கிலோ.

இந்த ஈரம்தான் முன்குளிரின் மறைமுகச் சேதம். 20 டிகிரியில் 60 சதவீத ஈரப்பதமுள்ள காற்று, 12 டிகிரியில் இருக்கும் எதைத் தொட்டாலும் நீராகிவிடும். காலையில் கண்ணாடியில் வழிவது அதுதான். பீரோவுக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாமல் சுவரில் படிந்து பூஞ்சையாவதும் அதுதான். ஜெர்மானியர்கள் ஜன்னலை நாள் முழுக்கச் சற்றே சாய்த்து வைப்பதை விட, எதிரெதிர் ஜன்னல்களை ஐந்து பத்து நிமிடம் விரியத் திறந்து மூடச் சொல்வார்கள். மேலே பார்த்த கணக்கு இங்கே பொருந்தும்: அந்த ஐந்து நிமிடத்தில் ஈரக்காற்று முழுக்க வெளியேறும், நஷ்டம் 0.11 யூனிட் அளவே. சுவரின் சூடு அசையாது. அரைகுறையாக நாள் முழுக்கத் திறந்து வைத்தால் ஜன்னலோரச் சுவரே குளிர்ந்து, ஈரம் அங்கேயே படியும்.

விறகு அடுப்பு, காஷ்மீரின் புகாரி போன்ற புகைபோக்கி வைத்த தகர அடுப்பு ஆகியவற்றுக்கு முன்குளிர் ஒரு சோதனைக் காலம். புகையை மேலே இழுப்பது உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வெப்ப வித்தியாசம். வெளியே 12 டிகிரி என்றால் இழுவை பலவீனம். கோடை முழுக்கச் சும்மா இருந்த குழாயில் குளிர்காற்று அடைத்து நிற்க, முதல் நாள் புகை அறைக்குள்ளேயே திரும்பும். பற்றவைக்கும் முன் குழாயைத் தட்டிக் கரி உதிர்க்க வேண்டும்; பறவைக் கூடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்; ஒரு தாளைச் சுருட்டிக் கொளுத்திக் குழாயின் வாயில் பிடித்து, சுடர் மேல்நோக்கி இழுபட்ட பிறகே விறகுக்குத் தீ வைக்க வேண்டும். இதில் பெரிய தவறு, சூடு அதிகமாகிவிட்டது என்று காற்றுத் துவாரத்தை மூடி நெருப்பை மூச்சுத்திணற விடுவது. மந்தமாக எரியும் விறகு குழாயின் உட்புறம் தார்போலப் பிசினைப் பூசும், நடுக்குளிரில் ஒருநாள் அதுவே குழாய்க்குள் தீயாகப் பிடிக்கும். முன்குளிரில் சின்ன நெருப்பு, நன்றாகக் காய்ந்த சன்ன விறகு, துவாரம் முழுத் திறப்பு, முக்கால் மணியில் எரிந்து முடிய வேண்டும்.

வீட்டையே சூடாக்குவது

கொரியாவின் ஒண்டோலில் அடுப்புப் புகை தரைக்கற்களின் அடியில் ஓடும். இன்று அதற்குப் பதில் வெந்நீர்க் குழாய்கள் ஓடுகின்றன. வடசீனத்தின் காங், படுக்கையாகவே கட்டிய சூட்டு மேடை. பின்லாந்தின் கல் அடுப்பில் நாளுக்கு ஒருமுறை விறகு எரித்தால் மறுநாள் வரை கல் சூடு தரும். எல்லாமே எடையில் சூட்டைச் சேமிப்பவை. டிசம்பரில் இவற்றை அடிக்க ஆளில்லை. முன்குளிரில் இதே குணம் எதிரி. காலை ஆறு மணிக்குத் தரை இதமாக இருக்க வேண்டுமானால் நள்ளிரவு தாண்டியதும் போட வேண்டும். அது சூட்டை விடத் தொடங்கும் நேரத்தில் வெயிலும் ஏறி, மத்தியானம் வீடு 26 டிகிரியில் வேகும். கல் அடுப்பு வைத்திருப்பவர்கள் வழக்கமான விறகில் மூன்றில் ஒரு பங்கைப் போடலாம். தரைச் சூடாக்கத்தில் அந்த நெளிவு சுளிவு குறைவு.

சுவரோரம் நின்று, உள்ளே ஓடும் வெந்நீரால் சூடு தரும் ரேடியேட்டர், சட்டென்று சூடாவதற்கும் மெதுவாகச் சூடாவதற்கும் நடுவில். தேவைப்படும் முதல் நாளில் போட்டுப் பார்க்காமல், இரண்டு வாரம் முன்பே ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்ப்பது புத்திசாலித்தனம். மேல்பாதி குளிர்ந்து கீழ்ப்பாதி மட்டும் சூடானால் உள்ளே காற்று அடைத்திருக்கிறது. ஹீட்டிங்கை அணைத்து ஆற விட்டு, மேல்மூலையில் உள்ள திருகைச் சாவியால் கால் சுற்று திருப்பினால் புஸ்ஸென்று காற்று வரும். அடியில் துணி பிடித்து, தண்ணீர் எட்டிப்பார்த்ததும் மூடிவிடுங்கள். பிறகு பாய்லரின் அழுத்த முள்ளைப் பார்க்க வேண்டும், ஆறிய நிலையில் 1 முதல் 1.5 பார் இருக்க வேண்டும். முழு ரேடியேட்டரும் குளிர்ந்தே இருந்தால் பெரும்பாலும் வால்வுக்குள் இருக்கும் சின்ன ஊசி கோடையில் இறுகியிருக்கும்.

யாருக்கு எது

தனியாள், பகலெல்லாம் வெளியே: சூடான படுக்கை, கம்பளிக் காலுறை, காலைக்கு ஒரு ஃபேன் ஹீட்டர். வேறு எதுவும் வாங்காதீர்கள். ஒரே மேசையில் மாலையைக் கழிக்கும் குடும்பத்துக்குக் கொதத்சு மாதிரி ஏற்பாடு, ஏற்கெனவே சூடு தரும் ஏசி இருந்தால் அது. வீட்டிலிருந்தே வேலை செய்பவர் பலரும் முழு வீட்டையும் சூடாக்கத் துடிப்பார்கள். கதவைச் சாத்திய ஒரே அறையில் ஏசியை 20-இல் வைத்து, காலுக்கு அடியில் ஒரு கம்பளி விரித்தால் தீர்ந்தது.

முதியவரோ கைக்குழந்தையோ நோயாளியோ இருந்தால் மேலே சொன்ன சிக்கனமெல்லாம் இரண்டாம்பட்சம். உலக சுகாதார நிறுவனம் 2018-இல் தந்த வழிகாட்டுதல், குளிர்காலத்தில் வீட்டுக்குள் பொதுவாக 18 டிகிரியாவது இருக்க வேண்டும் என்கிறது. இவர்களுக்கு அதற்கும் மேலே வேண்டியிருக்கலாம். ஸ்வெட்டரால் ஆகாது, குளிர்ந்த காற்றை மூச்சில் இழுப்பதும் இரத்த அழுத்தம் ஏறுவதும் உடுப்புக்குள் அடங்காத விஷயங்கள். அவர்கள் இருக்கும் ஓர் அறையையாவது தேதி பார்க்காமல் சூடாக்கிவிடுங்கள்.

முன்குளிர் முடிந்து நடுக்குளிர் தொடங்கியதைக் கண்டுபிடிக்கக் காலண்டர் வேண்டாம். வடக்குப் பக்கம் பார்த்த உட்சுவரில், வெயில் படாத இடமாக, ஒரு சாதாரண வெப்பமானியைச் செலோடேப்பால் ஒட்டிவிடுங்கள். காலை ஏழு மணிக்கும் மாலை மூன்று மணிக்கும் அதைப் பாருங்கள். மூன்று மணிக்கு இரண்டு டிகிரியாவது ஏறியிருந்தால் பகல் இன்னும் உங்கள் பக்கம் இருக்கிறது. மூன்று நாள் தொடர்ந்து முள் அசையாமல் 15-க்குக் கீழே நின்றால், தரைச் சூடாக்கத்தையும் கல் அடுப்பையும் அன்றைக்குப் போடலாம். போட்ட பிறகு பகலில் அணைத்து இரவில் போடும் விளையாட்டு வேண்டாம். தரைக்குப் போகும் தண்ணீரை 30, 35 டிகிரியில் வைத்து அப்படியே ஓட விடுங்கள்.